தண்ணீர்க்கார அம்மாள்

மந்திரிகளைக் கேள்வி கேட்டு மடக்கிய பெண் எம்.எல்.ஏ.

பம்பாய் நகரில் ஒரு காலத்தில் "பானிவாலி பாய்" என்ற பெயர் எல்லோருடைய வாயிலும் அடிபட்டது. "பானி" என்றால் தண்ணீர். "பாய்" என்றால் அம்மாள். "தண்ணீர்க்கார அம்மாள்" என்று அர்த்தம்.

தண்ணீர் விற்றதால் வந்த பெயரா இது? இல்லை. தாகத்தால் தவித்த ஜனங்களுக்குப் போராடித் தண்ணீர் வாங்கிக் கொடுத்ததால், ஜனங்களே சூட்டிய பெயர்.

அவருடைய சொந்தப் பெயர் மிருணாள் கோரே. கவுன்சிலராக இருந்தார். எம்.எல்.ஏ. ஆனார். எம்.பி.யும் ஆனார். பதவி மாறியது, பெயர் மாறவில்லை. கடைசி வரை அவர் தண்ணீர்க்கார அம்மாள்தான். "மிருணாள் தாயி" என்றும் அன்போடு அழைப்பார்கள். மராட்டி மொழியில் "தாயி" என்றால் அக்காள்.

ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கும், ஓட்டு வாங்கிய உறுப்பினருக்கும் என்ன உறவு இருக்க வேண்டும்? அரசாங்கத்தை எப்படிக் கேள்வி கேட்க வேண்டும்? இதற்கெல்லாம் அவருடைய வாழ்க்கை ஒரு பாடம்.

டாக்டர் படிப்பு

மிருணாள் 1928-ம் ஆண்டு ஜூன் மாதம் 24-ந் தேதி பிறந்தார். நன்றாகப் படித்தார். டாக்டர் படிப்பில் சேர்ந்தார்.

அது சுதந்திரப் போராட்டக் காலம். இளைஞர்கள் பலர் ஊர் ஊராகச் சென்று சேவை செய்தார்கள். அவர்களுக்காக "ராஷ்டிர சேவா தளம்" என்ற அமைப்பு இருந்தது. மிருணாள் அதில் ஈடுபட்டார். ஏழைகளோடு பழகினார். "இதுதான் என் வேலை" என்று முடிவு செய்தார். டாக்டர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார்.

அதே அமைப்பில் தொண்டு செய்தவர் கேசவ் கோரே. இருவரும் மணந்துகொண்டார்கள். பம்பாய்க்கு வடக்கே உள்ள கோரேகாவ் என்ற ஊரில் குடித்தனம் நடத்தினார்கள். சோஷலிஸ்டுக் கட்சியில் இருவரும் உழைத்தார்கள்.

1958-ல் இடி விழுந்தது. கேசவ் கோரே காலமானார். அப்போது மிருணாளுக்கு வயது 30. கையில் சின்ன மகள். வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். மிருணாளோ, கணவர் விட்டுச்சென்ற வேலையையும் சேர்த்துச் செய்யத் தொடங்கினார்.

பக்கத்தில் ஏரி, வீட்டில் தாகம்

கோரேகாவ் பகுதியின் நிலைமை விசித்திரமானது.

பம்பாய் நகருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்த முதல் ஏரி விகார் ஏரி. 1860-ல் அதன் வேலை முடிந்தது. அடுத்து 1879-ல் துளசி ஏரி வந்தது. இந்த இரண்டு ஏரிகளும் கோரேகாவுக்கு அருகில் உள்ள மலைக்காட்டில்தான் இருக்கின்றன. பிறகு தூரத்தில் தான்சா, வைதரணா ஆறுகளில் அணை கட்டி, பெரிய குழாய்களில் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

இத்தனையும் தெற்கே உள்ள பழைய நகரத்தை நினைத்துச் செய்த ஏற்பாடு. வடக்கே இருந்த சிற்றூர்கள் 1957-ல்தான் பம்பாய் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. கோரேகாவும் அவற்றில் ஒன்று.

நகரத்தில் சேர்ந்தால் ஆயிற்றா? வரி வந்தது, குழாய் வரவில்லை. வேலை தேடி வந்த ஜனங்கள் நாளுக்கு நாள் பெருகினார்கள். ஆலைத் தொழிலாளிகள், கட்டிட வேலைக்காரர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள்.

வீட்டில் தண்ணீர் இல்லை என்றால் கஷ்டம் யாருக்கு? பெண்களுக்குத்தான். விடியும் முன்பு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். சண்டை போட வேண்டும். அப்புறம்தான் அடுப்பு, அப்புறம்தான் வேலை. பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போவதும் நின்றுபோகும்.

இந்தக் கஷ்டத்தை மிருணாள் நேரில் பார்த்தவர். 1961-ல் அவர் மாநகராட்சித் தேர்தலில் நின்று வென்றார்.

"குடிசை போட்டது குற்றம்!"

மாநகராட்சியில் ஒரு பதில் தயாராக இருந்தது. "குடிசைவாசிகள் அனுமதி இல்லாத இடத்தில் வசிக்கிறார்கள். அவர்களுக்குக் குழாய் கொடுத்தால், இடத்தையும் கொடுத்ததாக ஆகிவிடும்" என்பதே அது.

கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் அந்த ஜனங்கள்தான் நகரத்தின் ஆலைகளை ஓட்டினார்கள். அந்தப் பெண்கள்தான் பெரிய வீடுகளில் பாத்திரம் துலக்கினார்கள். அவர்களுடைய உழைப்பு நகரத்துக்கு வேண்டும். அவர்களுக்குத் தண்ணீர் மட்டும் கூடாதா?

மிருணாள் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். நிலம் யாருக்குச் சொந்தம் என்பது ஒரு வழக்கு. மனிதன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது வேறு விஷயம். வழக்கு முடியும் வரை குழந்தை தாகத்தோடு காத்திருக்க முடியுமா?

அவர் தனியாகப் போய்ப் பேசவில்லை. பெண்களைத் திரட்டினார். காலிக் குடங்களோடு அதிகாரிகளின் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். மாநகராட்சிக் கூட்டத்தில் உள்ளே அவருடைய குரல் ஒலித்தது. வெளியே பெண்களின் குரல் ஒலித்தது. ஒரு முறை போனால் அதிகாரி மறந்துவிடுவார். திரும்பத் திரும்பப் போனால் மறக்க முடியுமா?

கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்கள் வந்தன. அப்போதுதான் "பானிவாலி பாய்" என்ற பெயரும் வந்தது.

1971-ல் மராட்டிய அரசாங்கம் குடிசைப் பகுதிகளுக்காக ஒரு தனிச் சட்டம் செய்தது. குடிசைகளை இடித்துத் தள்ளுவது ஒன்றே வழி என்ற எண்ணம் மாறியது. தண்ணீர், கழிப்பிடம், விளக்கு, பாதை ஆகிய வசதிகளைச் செய்து கொடுக்கவும் அந்தச் சட்டம் வழி வகுத்தது.

பூரிக்கட்டை ஊர்வலம்

1972-ம் ஆண்டு மராட்டிய மாநிலத்தில் கடும் பஞ்சம். மழை பொய்த்தது. கிராமங்களில் பயிர் கருகியது. நகரங்களில் விலைவாசி ஏறியது. எண்ணெய் கிடைக்கவில்லை. சர்க்கரை கிடைக்கவில்லை. மண்எண்ணெய்க்கு நீண்ட வரிசை.

அந்த ஆண்டுதான் மிருணாள் கோரே, மலாடு தொகுதியில் சோஷலிஸ்டுக் கட்சியின் சார்பில் நின்று, சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எம்.எல்.ஏ. ஆனவுடன் அவர் வீதியை மறந்துவிடவில்லை. விலைவாசி உயர்வை எதிர்த்துப் பெண்கள் முன்னணி ஒன்று உருவானது. மார்க்சிஸ்டுக் கட்சியின் அகல்யா ரங்கனேகர், இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தாரா ரெட்டி ஆகியோரும் அதில் சேர்ந்தார்கள். கட்சிகளுக்குள் எத்தனையோ சண்டை உண்டு. ஆனால் அடுப்பு எரியாதபோது கட்சிச் சண்டை எதற்கு?

இவர்களுடைய ஆயுதம் என்ன தெரியுமா? பூரிக்கட்டை! சப்பாத்தி இடும் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர்வலம் வந்தார்கள். வீட்டை விட்டு வெளியே வராத பெண்களுக்கும் ஒரு வழி சொன்னார்கள். குறித்த நேரத்தில் வீட்டில் இருந்தபடியே தட்டையும் கரண்டியையும் எடுத்துத் தட்டினால் போதும். தெருவெல்லாம் "டணார், டணார்" என்று சத்தம் எழுந்தது. அந்தச் சத்தம் மந்திரிகளின் காதுக்கும் எட்டியது.

மந்திரிகள் எங்கே இருந்தாலும் பெண்கள் அங்கே போய் வளைத்துக்கொண்டார்கள். "ரேஷன் கடையில் சரக்கு எங்கே?" என்று கேட்டார்கள்.

சட்டசபையில் என்ன செய்யலாம்?

வீதியில் எழுந்த கேள்வியைச் சட்டசபைக்குள் கொண்டு போவதுதான் எம்.எல்.ஏ.வின் வேலை. அதற்குப் பல வழிகள் உண்டு. படிக்காதவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, கேள்வி நேரம். சபை கூடியதும் முதலில் வருவது இதுதான். உறுப்பினர் முன்கூட்டியே கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். உடனே உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். முதல் கேள்விக்கு அதிகாரி எழுதிக் கொடுத்த பதிலை மந்திரி படித்துவிடலாம். துணைக் கேள்விக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் மந்திரிக்கு வியர்க்கும்!

இரண்டாவது, கவன ஈர்ப்பு. திடீர் என்று ஒரு ஊரில் காலரா பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் அதைச் சபையில் எழுப்பி, மந்திரியிடம் விளக்கம் கேட்கலாம்.

மூன்றாவது, வெட்டுத் தீர்மானம். அரசாங்கம் ஒவ்வொரு இலாகாவுக்கும் பணம் கேட்கும். "இந்த இலாகா ஒழுங்காக வேலை செய்யவில்லை; இதற்குக் கொடுக்கும் தொகையில் ஒரு சிறு தொகையைக் குறையுங்கள்" என்று உறுப்பினர் தீர்மானம் கொடுக்கலாம். பணம் குறைகிறதோ இல்லையோ, இலாகாவின் குறை சபைக்கு வந்துவிடும்.

நான்காவது, உறுதிமொழிக் குழு. "செய்கிறோம்", "விசாரிக்கிறோம்" என்று மந்திரிகள் சபையில் சொல்வார்கள். சொன்னதைச் செய்தார்களா என்று பார்ப்பதற்கே ஒரு குழு இருக்கிறது.

ஐந்தாவது, பொதுக் கணக்குக் குழு. அரசாங்கம் செலவழித்த பணத்தைத் தணிக்கை அதிகாரி ஆராய்ந்து அறிக்கை கொடுப்பார். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு இந்தக் குழு அதிகாரிகளை விசாரிக்கும்.

ஆறாவது, தனிநபர் மசோதா. மந்திரிதான் சட்டம் கொண்டு வர வேண்டும் என்பது இல்லை. சாதாரண எம்.எல்.ஏ.வும் ஒரு மசோதாவைக் கொண்டு வரலாம். அது நிறைவேறுவது அபூர்வம். ஆனால் அரசாங்கத்தைத் தட்டி எழுப்ப அது உதவும்.

இந்த ஆறு வழிகளுக்கும் உயிர் கொடுப்பது ஒன்றுதான். தொகுதி ஜனங்கள் கொண்டு வரும் உண்மையான தகவல்! எந்தத் தெருவில் எத்தனை நாளாகக் குழாய் வரவில்லை, எந்தக் கடையில் எந்தத் தேதியில் சரக்கு இல்லை என்ற விவரம் இருந்தால்தான் உறுப்பினரின் கேள்வி கூர்மையாக இருக்கும்.

ஜெயில்

1975-ம் ஆண்டு ஜூன் மாதம் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் நாடெங்கும் கைது செய்யப்பட்டார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது.

மிருணாள் கோரே தலைமறைவாக இருந்து வேலை செய்தார். பிறகு போலீசாரிடம் அகப்பட்டார். ஜெயிலில் அடைக்கப்பட்டார். கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவரின் வாயைக் கம்பிக் கதவு மூடியது.

1977-ல் தேர்தல் வந்தது. வடக்கு பம்பாய் தொகுதியில் ஜனதா கட்சியின் சார்பில் மிருணாள் நின்றார். வென்றார். பாராளுமன்றத்துக்குப் போனார். அதே தேர்தலில் பிரதமர் இந்திரா காந்தி தோற்றார்.

அப்போது பம்பாய் வீதிகளில் ஒரு கோஷம் எழுந்தது. "பானிவாலி பாய் டில்லி மே, டில்லிவாலி பாய் பானி மே!" தண்ணீர்க்கார அம்மாள் டெல்லிக்குப் போய்விட்டார், டெல்லிக்கார அம்மாள் தண்ணீரில் மூழ்கிவிட்டார் என்று அர்த்தம்.

பிறக்காத பெண்ணுக்காக...

1985-ல் மிருணாள் மீண்டும் மராட்டிய சட்டசபைக்கு வந்தார். இந்த முறை அவர் கையில் எடுத்தது மிகவும் வேதனையான விஷயம்.

கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்கு நோய் உண்டா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கர்ப்பப்பையில் உள்ள நீரை எடுத்துப் பரிசோதிப்பார்கள். அதில் குழந்தை ஆணா, பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். நோயைக் கண்டுபிடிக்க வந்த வித்தை, பெண்ணைக் கண்டுபிடித்து அழிக்கும் வித்தையாக மாறியது. பெண் என்று தெரிந்தால் கருவைக் கலைத்தார்கள். பம்பாயில் இதற்கென்றே தனியார் ஆஸ்பத்திரிகள் பெருகின.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்குத் தடை இருந்தது. தனியாரைக் கேட்பார் இல்லை.

பெண்கள் சங்கங்களும் டாக்டர்கள் சிலரும் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். மிருணாள் கோரே சட்டசபையில் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். வெளியே கிளர்ச்சி, உள்ளே மசோதா. பழைய வழிதான்!

அரசாங்கம் சும்மா இருக்க முடியவில்லை. 1988-ல் அரசாங்கமே ஒரு சட்டம் கொண்டு வந்து நிறைவேற்றியது. பிறக்கும் முன்பு ஆணா, பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க ஒரு மாநிலம் சட்டம் செய்தது இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1994-ல், பாராளுமன்றம் நாடு முழுவதற்கும் சட்டம் செய்தது. 2003-ல் அந்தச் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது.

தலைக்கு மேல் கூரை

தண்ணீர் கிடைத்தது. ஆனால் ஏழைக்கு வீடு?

1976-ல் நகர நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஓர் அளவுக்கு மேல் நகரத்தில் காலி நிலம் வைத்திருந்தால், அதை அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். ஏழைகளுக்கு வீடு கட்டுவதற்கும் அந்த நிலத்தைப் பயன்படுத்தலாம். சட்டம் புத்தகத்தில் இருந்தது. நிலம் பழைய சொந்தக்காரர்களிடமே இருந்தது.

மிருணாள் கோரேயும் சோஷலிஸ்டுத் தலைவர் பாபுராவ் சாமந்தும் இதை விடவில்லை. "நகரி நிவாரா பரிஷத்" என்ற அமைப்பின் மூலம் போராடினார்கள். கடைசியில் கோரேகாவ் பக்கம் திண்டோஷி என்ற இடத்தில் நிலம் கிடைத்தது. அங்கே 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

அரசாங்கம் புதிதாக எதையும் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. "நீங்கள் செய்த சட்டத்தை நீங்களே நிறைவேற்றுங்கள்" என்றுதான் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு எந்த அரசாங்கமும் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

முடியாத வேலை

மிருணாள் கோரே 2012-ம் ஆண்டு ஜூலை மாதம் 17-ந் தேதி காலமானார். அவருக்கு வயது 84. கோரேகாவில் உள்ள ஒரு மேம்பாலம் இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் தொடங்கிய வேலை எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை.

பம்பாய் 1995-ல் மும்பை என்று பெயர் மாறியது. ஆனால் குடிசைகளின் தாகம் தீரவில்லை. குறித்த ஓர் ஆண்டுக்குப் பிறகு வந்த குடிசைகளுக்குத் தண்ணீர் கிடையாது என்ற விதி இருந்தது. "தண்ணீர் எங்கள் உரிமை" என்று ஒரு சங்கம் ஐகோர்ட்டுக்குப் போனது. 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தண்ணீர் என்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி. குடிசை சட்டப்படி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத் தண்ணீரை மறுக்கக் கூடாது என்று நீதிபதிகள் கூறினார்கள். 1960-களில் மிருணாள் சொன்ன அதே நியாயம், 50 ஆண்டுகள் கழித்துக் கோர்ட்டில் ஏறியது!

பெண் குழந்தைகளின் கணக்கு இன்னும் கவலை தருகிறது. 6 வயது வரை உள்ள குழந்தைகளில், 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று மக்கள்தொகைக் கணக்கில் பார்ப்பார்கள். மராட்டிய மாநிலத்தில் 1991-ல் 946 பெண்கள் இருந்தார்கள். 2001-ல் 913. 2011-ல் 894. முதலில் சட்டம் செய்த மாநிலத்திலேயே இந்த நிலைமை! சட்டம் செய்தால் மட்டும் போதாது. அது நடக்கிறதா என்று விடாமல் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஓட்டுப் போட்ட பிறகு...

பலர் ஓட்டுச் சாவடியை விட்டு வெளியே வந்ததும் "நம் வேலை முடிந்தது" என்று நினைக்கிறார்கள். கோரேகாவ் பெண்கள் அப்படி நினைக்கவில்லை. அவர்களுடைய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகும்போது மனுவில் தெருவின் பெயர், தேதி, எத்தனை குடும்பம் என்ற விவரம் இருக்கட்டும். பத்துப் பேர் சேர்ந்து போகலாம். மனுவின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் கழித்து, "நம் மனு என்ன ஆயிற்று?" என்று திரும்பக் கேட்கலாம்.

2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. நம் தெருச் சாலைக்கு எவ்வளவு செலவானது என்று சாதாரணக் குடிமகனே எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் கொடுக்க வேண்டும். மிருணாள் காலத்துப் பெண்களுக்கு இந்த வசதி இருந்ததில்லை. அவர்கள் கையில் இருந்தது காலிக் குடமும் பூரிக்கட்டையும்தான்.

அதை வைத்துக்கொண்டே அவர்கள் குழாயைக் கொண்டு வந்தார்கள்!